செயலாளர் ஆண்டறிக்கை: கயிற்றைத் தாண்டி முகாமுக்குள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் புகைப்படச் சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். பழைய போர்களையும் அந்தக் காலத்து வாழ்க்கையையும் திறந்தவெளியில் நிகழ்த்திக் காட்டும் இடங்களுக்குப் போய், சண்டைக் காட்சிகளை விட்டுவிட்டு, பங்கேற்கும் மனிதர்களின் முகங்களை மட்டும் எடுப்பது என்று. ஆண்டு முழுக்க அதைத்தான் செய்தோம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதனால் என் அறிக்கை இந்த ஒரு வேலையைப் பற்றியே இருக்கும்.

முதல் நிகழ்ச்சியில் நாம் எடுத்தவை தேறவில்லை. எல்லோரும் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு, பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படங்களாக எடுத்துத் தள்ளினோம். கூட்டத்தில் திரையில் போட்டுப் பார்த்தால், உச்சி வெயிலில் தொப்பி விளிம்பின் நிழல் மூக்கு வரை இறங்கி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. முதுகுக்குப் பின்னால் கார்கள். எந்தப் படத்திலும் ஆள் நம்மைப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் நாம் வாய்ப்பே கொடுக்கவில்லையே.

அடுத்த முறை ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி வாங்கி, சண்டை தொடங்க இரண்டு மணி நேரம் முன்பே முகாமுக்குள் போனோம். கேமரா பையிலேயே இருக்கட்டும், முதலில் பேசுவோம் என்று முடிவு. ஒருவர் கூடார வாசலில் உட்கார்ந்து வளையக் கவசத்தின் அறுந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு வளையத்தைக் குறட்டால் விரித்து, நான்கு வளையங்களுக்குள் நுழைத்து, திரும்ப நெரிப்பார். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. உடையை ‘வேடம்’ என்று சொன்ன நம் உறுப்பினரை அவர் பொறுமையாகத் திருத்தினார்: அது வேடம் இல்லை, ‘கிட்’, அதாவது அந்தக் காலத்து உடையும் கருவிகளும். ஒவ்வொரு தையலும் படித்து, தேடி, கையால் செய்தது. அரை மணி நேரம் கழித்து “ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டபோது குறட்டைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆண்டின் சிறந்த படம் அதுதான் என்பது என் கருத்து.

அதில் ஒரு பாடமும் கிடைத்தது. ஆளைக் கூடார வாசலுக்கு ஓரடி உள்ளே உட்கார வைத்தால் திறந்த வானத்து வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழுகிறது. பின்னால் கூடாரத்தின் இருட்டு, கார், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் தெரியாது. 85 எம்எம் லென்ஸ், லென்ஸின் துளை எஃப் 2.8, நமக்குப் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ், அவ்வளவுதான். வெயிலில் பளபளக்கும் இரும்புத் தொப்பி இருந்தால் மட்டும் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துக்கொள்ளுங்கள். வெளிறிப்போன இரும்பை அப்புறம் மீட்க முடியாது.

மூத்த உறுப்பினர் ஒருவர் ஈரத்தட்டு முறை பற்றிப் பேசிய கூட்டம் பலருக்கும் மனதில் நிற்கும். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் முறை அது; 1851-இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1855-இல் மது வியாபாரியின் வண்டி ஒன்றை இருட்டறையாக மாற்றி கிரிமியப் போர்முனைக்குக் கொண்டுபோனார். தட்டுக்குப் பல நொடி வெளிச்சம் வேண்டும் என்பதால் ஓடும் சண்டையை எடுக்க வழியில்லை. அவர் எடுத்த முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் முகாமும் முகங்களும்தான் நிறைய. நாம் தேர்ந்தெடுத்த வழி புதிதல்ல என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிறைவு. அந்தத் தட்டுக்கு நீலம் வெளுப்பாகவும் சிவப்பு கறுப்பாகவும் தெரியும் என்று அந்த மூத்த உறுப்பினர் சொன்னதைக் கேட்டு, இளைய உறுப்பினர் ஒருவர் சிவப்புக் கோட்டு வீரரின் டிஜிட்டல் படத்தில் நீலச் சேனலை, அதாவது நீல நிறப் பதிவை, மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினார். கோட்டு கரியாகி, முகத்துப் புள்ளிகள் துலங்கி, ஆளே வேறொரு நூற்றாண்டுக்குப் போய்விட்டார்.

சண்டை முடிந்த பிறகான அரை மணி நேரத்தையும் விடாதீர்கள். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்தவர்களின் உதட்டோரம் கருமருந்து ஒட்டியிருக்கும், வியர்வை அதில் கோடு போட்டிருக்கும். எந்த ஒப்பனையும் அப்படி வராது.

அந்தக் காலத்துக்குப் பொருந்தாத கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி பற்றி இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம். கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் அவர்களே மறந்து கட்டியதுதான். கண்ணாடி இல்லாமல் பார்வை தெரியாதவரிடம் அதைக் கழற்றச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. குழந்தைகளை எடுக்கப் பெற்றோரிடம் கேட்பதும், குதிரைகளுக்குப் பக்கத்தில் ஃப்ளாஷ் அடிக்காததும் இனி கட்டாயம். ஒரு குதிரை மிரண்டதை நேரில் பார்த்தோம். ஓட்டியவரின் கைத்திறனால்தான் யாருக்கும் அடிபடவில்லை.

ஒரு தவறை இங்கே பதிவுசெய்ய வேண்டும். முதல் முகாமில் நாம் படம் எடுத்த ஆட்களுக்கு அதை அனுப்புவதாகச் சொன்னோம், அனுப்பவில்லை. முகவரி எழுதிய தாளைத் தொலைத்தது நான். மறுமுறை போனபோது முரசு அடிக்கும் அம்மா ஒருவர், “எடுக்கிறவங்க எல்லாரும் அனுப்புறேன்னுதான் சொல்றாங்க” என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே பழைய கோப்புகளைத் தேடி, அடுத்த நிகழ்ச்சிக்கு அச்சிட்ட படங்களோடு போய் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அந்த அம்மா தன் படத்தை முரசின் தோலுக்கு மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒருவரை எடுத்து முடித்ததும், அவர் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டையும் அதே கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுகிறோம். அது தொலையாது.

வரும் ஆண்டுக்கு முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஒரு மடக்கு ரிப்ளெக்டரும் மழை உறைகளும் வாங்க ஒப்புதல் வேண்டும். கேட்காமல் எடுத்த நெருக்கப் படங்களைச் சங்கக் கண்காட்சியில் வைப்பதில்லை என்ற தீர்மானத்தையும் முன்மொழிகிறேன். இரண்டையும் இந்த அறிக்கையோடு பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்