பட்ஜி நொண்டினால் காலை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் செல்லப்பிராணிகள் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: நேற்றுவரை பறந்துகொண்டிருந்த பட்ஜி (பேச்சு வழக்கில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் சிறு கிளி), காலையில் ஒரு காலை ஊன்ற முடியாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்வது? 'கால்சியம் குறைவாக இருக்கும். குடிக்கும் தண்ணீரில் சில சொட்டுக் கால்சியம் கலந்து வைத்து இரண்டு நாள் பாருங்கள்' என்பது நீங்கள் வெளியிட்ட பதில். கால்சியத்தையாவது சில பறவைகளுக்குச் சரி என்று விட்டுவிடலாம். அந்த 'இரண்டு நாள்'தான் ஆபத்து.

பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். அந்தச் சூட்டைக் காக்க அது பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே நிலைமை கெட்டுவிடும். போதாததற்கு, வேட்டையாடப்படும் எல்லாச் சிறு பறவைகளையும் போல இதுவும் நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தெரிவதுதான் முதலில் பிடிபடும் என்பதால் வந்த பழக்கம் அது. மறைக்கக்கூட முடியாத நிலை வந்த பிறகே நம் கண்ணில் படுகிறது. நாம் 'திடீரென்று' என்று சொல்வதற்குப் பின்னால் பல வாரங்கள் ஓடியிருக்கலாம்.

முதலில் அது நொண்டல்தானா என்று பார்க்க வேண்டும். நலமான பட்ஜியும் ஒரு காலை வயிற்றுச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, உடலைப் பந்தாக உப்பிக்கொண்டு தூங்கும். ஆனால் கூப்பிட்டால் சிறகு படியும், கால் மாறும், நகரும். நோயுற்றது பகலிலும் உப்பியே இருக்கும். இரண்டு காலாலும் குச்சியைப் பிடித்தபடி கண்ணை மூடும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். பாதத்தின் அடியில் விரலை மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விரல்களும் உங்கள் விரலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒரு பாதம் பிடிக்காமல் மடங்கினாலோ, மற்றதைவிடச் சில்லென்று இருந்தாலோ, அந்தக் காலுக்கு நரம்போ இரத்தமோ சரியாகப் போகவில்லை. நூலிழை ஒன்று விரலைச் சுற்றி இறுக்கியிருக்கிறதா என்பதையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துணியாலான கூடாரம், கயிற்றுப் பொம்மை வைத்த கூண்டுகளில் இது நடப்பதுண்டு.

அடிபட்ட தடயமும் இல்லை, வீக்கமும் இல்லை, ஆனால் கால் வேலை செய்யவில்லை என்றால் வயிற்றைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் பதிலில் அறவே விடுபட்டது இதுதான். பறவைகளின் சிறுநீரகங்கள் இடுப்பெலும்பின் குழிகளில் ஒட்டிக் கிடக்கின்றன. காலுக்குப் போகும் நரம்புக் கற்றை அந்தச் சிறுநீரகத் திசுவின் ஊடாகவே போகிறது. சிறுநீரகம் வீங்கினாலோ அதில் கட்டி வளர்ந்தாலோ நரம்பு எலும்புக்கும் கட்டிக்கும் நடுவில் நசுங்கி, கால் செயலிழக்கும். பட்ஜிகளுக்குச் சிறுநீரகம், விதை, சினைப்பை ஆகியவற்றில் கட்டி வருவது மற்றக் கூண்டுப் பறவைகளைவிட அதிகம். ஆண் பறவைக்கு ஒரு முன்னறிவிப்பும் உண்டு. வளர்ப்பவர்கள் 'மூக்கு' என்று சொல்லும், அலகுக்கு மேலுள்ள தடித்த தோல், நீலத்திலிருந்து பழுப்பாக மாறினால், விதைக் கட்டி ஒன்று பெண் ஹார்மோனைச் சுரக்கிறது என்று பொருளாகலாம். மூக்கின் நிறம் மாறிய ஆண் பட்ஜி சில மாதங்கள் கழித்து நொண்டத் தொடங்கினால் அந்த இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தனித்தனியே சொன்னால் இரண்டுக்கும் அர்த்தம் வராது. இத்தகைய கட்டிகளை அறுத்தெடுப்பது, பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி இருப்பதால், பெரும்பாலும் முடியாது. வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்தால் பறவையை ஓரளவு நிம்மதியாக வைத்திருக்க முடியும். அதைக்கூட இரண்டு நாள் தள்ளிப் போடுவதில் என்ன நியாயம்?

பெண் பறவை என்றால் கேள்வியே வேறு. ஆண் துணை இல்லாமலும் பெண் பட்ஜி முட்டையிடும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் தரையில் அமர்ந்து முக்கும், வால் பம்பு போல அடிக்கும், ஆசனவாய்க்கு மேலே வயிறு புடைக்கும், முட்டை நரம்பை அழுத்துவதால் கால் தளரும். நீங்கள் சொன்ன கால்சியம் இங்கேதான் பொருந்தும். கருப்பை சுருங்கி முட்டையைத் தள்ளக் கால்சியம் வேண்டும்; வெறும் தானியத்தில் அது மிகக் குறைவு. ஆனால் தண்ணீரில் கலந்த சொட்டு அப்போது உதவாது. நோயுற்ற பறவை தண்ணீரையே தொடாது. நலமாக இருக்கும்போதுகூட அது ஒரு நாளில் குடிப்பது சில மில்லி லிட்டர்தான். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதற்கான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காட்டுவதும் கணக்கில் வராது. மருத்துவர் ஊசியாகக் கொடுக்கும் கால்சியம்தான் வேலை செய்யும். அங்கே போய்ச் சேரும்வரை 30 டிகிரிக்குச் சற்று மேலான சூடும் ஈரப்பதமும் கொடுங்கள். எண்ணெய் தடவி வயிற்றை அழுத்துவதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். முட்டை உள்ளேயே உடையும், அல்லது முட்டைக் குழாய் கிழியும்.

மற்றக் காரணங்களைக் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். விரல் மூட்டுகளில் வெளிறிய மஞ்சள் நிற முடிச்சுகள் தெரிந்து, பறவை ஓயாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தால் அது யூரிக் அமிலம் படியும் கவுட். முடிச்சைக் கீறிப் பிதுக்கினால் இரத்தம் நிற்காது. உள்ளங்கால் சிவந்து, பளபளப்பாகி, நடுவில் பொருக்குக் கட்டியிருந்தால் பாதப் புண். ஒரே தடிமனான வழவழப்புக் குச்சிகள், நகம் தேய்வதற்கென்று விற்கும் உப்புத்தாள் உறைகள், உடற்பருமன், வைட்டமின் ஏ பற்றாக்குறை ஆகியவை அதற்குக் காரணம். இரவில் ஏதோ மிரட்டிப் படபடத்து அடித்துக்கொண்டதில் எலும்பு முறிந்திருந்தால் கால் தொங்கும். இரண்டு மூன்று நாளில் தோல் பச்சை நிறமாகும். அது அழுகல் என்று பயப்பட வேண்டாம், பறவைகளுக்கு இரத்தக் கட்டு பச்சையாகத்தான் மாறும். தீக்குச்சி வைத்துக் கட்டுப்போடும் துணிச்சலும் வேண்டாம். பறவை எலும்பு மூன்று வாரத்துக்குள்ளாகவே கூடிவிடும், கோணலாகக் கட்டினால் கோணலாகவே கூடும். காலில் வளையம் இருந்து அதன் கீழே வீங்கியிருந்தால் அதை வீட்டு வெட்டுக் கருவியால் நறுக்காதீர்கள். வளையத்தோடு கால் முறியும்.

இரண்டு காலும் தளர்ந்து, தலை நடுங்கி, எச்சம் தண்ணீராகவோ அடர் பச்சையாகவோ போனால் ஈயம் அல்லது துத்தநாக நஞ்சை நினையுங்கள். துத்தநாகப் பூச்சு உரியும் கம்பி வலை, பழைய சுவர்ப் பெயின்ட், திரைச்சீலையின் ஓரத்தில் தைக்கும் எடைக் கட்டிகள், மலிவான மணியின் நாக்கு ஆகியவற்றை எல்லாம் பட்ஜி கொறித்துப் பார்க்கும். கொறித்ததாகச் சந்தேகமிருக்கும் பொருளையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

காரணம் எதுவானாலும் முதல் ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டியது அநேகமாக ஒன்றே: சூடு, அமைதி, கைக்கெட்டும் தீனி. சிறிய பெட்டியோ சிறு கூண்டோ எடுத்து, அடியில் மடித்த துண்டும் அதன் மேல் அச்சில்லாத வெள்ளைத் தாளும் விரியுங்கள். குச்சிகளை எடுத்துவிடுங்கள், அல்லது ஒரு குச்சியைத் தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். விழுந்தால் நெஞ்செலும்பில் அடிபடக் கூடாது. தினைக் கதிரைத் தரையிலேயே போடுங்கள். தண்ணீரைப் பாட்டில் மூடி அளவுள்ள தட்டையான கிண்ணத்தில் வையுங்கள். பெட்டியின் பாதிக்கு மட்டும் சூடு தரவேண்டும், வேண்டாதபோது பறவை மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். வெப்பப் பட்டையைக் குறைந்த அளவில் வைத்துப் பெட்டிக்கு வெளியே அடிப்பக்கம் கொடுங்கள், அல்லது வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் ஆறினால் அதுவே பறவையின் சூட்டை உறிஞ்சும் என்பதால் மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். (சூட்டுக்காக எல்இடி விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெளிச்சம்தான் தரும்.) பறவை இருக்கும் மட்டத்தில் வெப்பமானி வைத்து 28 முதல் 30 டிகிரி (முட்டை சிக்கிய பறவைக்கு அதைவிடச் சற்று மேல்) இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம். கண்ணாடியிலோ சுவரிலோ மோதித் தலையில் அடிபட்ட பறவைக்கு மட்டும் இந்தக் கூடுதல் சூடு கூடாது, இருட்டும் அமைதியும் போதும்.

பிடிக்க வேண்டியிருந்தால் தலையை இரு விரலுக்கு நடுவே தாங்கி, உடலைத் தளர்வாகப் பிடியுங்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதுதான் அதன் மூச்சு. நெஞ்சை இறுக்கினால் அங்கேயே மூச்சு நின்றுவிடும்.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயின் வாய் நாக்கின் அடிப்பக்கத்திலேயே இருக்கிறது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மனிதருக்கான வலி மாத்திரையில் கடுகளவு கிள்ளிக் கொடுப்பதும், கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கரைப்பதும், 'ஒரு சொட்டு' மதுவும் பலன் தராதவை மட்டுமல்ல, கொல்லக்கூடியவை. 35 கிராம் உடலில் மொத்த இரத்தமே சுமார் 3.5 மில்லி லிட்டர்தான். அந்த அளவுள்ள உடலுக்குக் கடுகளவு என்பது சின்ன அளவா?

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு, என் கணக்கில், எந்த மருந்துப் பெட்டியையும்விட உபயோகமானது. தினமும் காலை முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைத்தால், 35 கிராம் பறவை 32-க்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தாளில் தெரியும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்திலும் மூன்று பாகம் பாருங்கள்: பச்சை மலம், வெள்ளை யூரேட் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), தெளிந்த நீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்கலாம். முழுத் தானியம் செரிக்காமல் வந்தால் அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். எச்சத்தின் எண்ணிக்கை குறைந்தால் சாப்பிடுவது போல நடிக்கிறது. உமியை மட்டும் உடைத்துவிட்டுப் பருப்பைக் கீழே போடும் நோயாளிப் பறவைகள் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது கடைசி 24 மணி நேரத்துத் தரைத் தாளை அப்படியே மடித்து எடுத்துப் போங்கள். பறவை நடக்கும் முறையை வீட்டிலேயே வீடியோ எடுத்து வையுங்கள், மருத்துவமனை மேசையில் பயத்தால் அது நலமானது போல நிமிர்ந்து நிற்கும். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், வீட்டில் நோயுற்ற கிளி இனப் பறவை இருக்கிறது என்று அவரவர் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். சிட்டகோசிஸ் என்ற நோயின் கிருமி பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது.

கால் திரும்பாமலே போகும் பறவைகளும் உண்டு. அவற்றைப் பற்றியும் உங்கள் பகுதி எழுதலாம். உயரமான கூண்டை விட்டு அகலமான, தாழ்ந்த கூண்டுக்கு மாற்றுங்கள். குச்சிக்குப் பதில் உள்ளங்கை அகலமுள்ள தட்டையான பலகைகளை, தாவாமல் ஏறிவிடக்கூடிய சரிவுகளோடு பொருத்துங்கள். தீனிக் கிண்ணம் பலகை மட்டத்திலேயே இருக்கட்டும். வேலை செய்யும் கால் முழு எடையையும் சுமக்கும் என்பதால், அதன் உள்ளங்கால்தான் அடுத்துப் புண்ணாகும். பலகையில் துவைக்கக்கூடிய மென்துணியை, நூல் பிரியாதபடி ஓரம் தைத்துப் போடுங்கள், வாரம் இரு முறை பாதத்தைப் பாருங்கள். ஊன்றாத காலின் நகம் தேயாது, அதை வெட்டிவிட வேண்டும். நகத்தில் இரத்தம் கசிந்தால் சோள மாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். துணைப் பறவை இருந்தால் அதை வேறு கூண்டில், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வையுங்கள். சில ஜோடிகள் தளர்ந்ததைக் கொத்தும்.

இன்னொன்று. பதிலுக்கு மேலே 'லவ் பேர்ட்ஸ்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். பேச்சு வழக்கில் பட்ஜியை அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம், ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. ஒன்றுக்கு எழுதிய மருந்தளவை மற்றதற்குக் கொடுத்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தகைய கேள்வி இனி வந்தால் இனம், வயது, மூக்கின் நிறம், கடைசியாக முட்டையிட்ட நாள், இன்றைய எடை ஆகிய ஐந்தையும் கேட்டுவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். மூக்கு நிறத்தைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் ஆணின் மூக்கும் நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

இப்படிக்கு,
கூண்டுப் பறவை வளர்க்கும் வாசகர்