பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டி அனுப்பியவர்களுக்கு

ஹான்காக் அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் எத்தனையோ தடவை தேங்க்ஸ் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் என் மொழியில் ஒரு தடவை எழுதினால்தான் எனக்கு மனசு நிறைகிறது. உங்களுக்கு நானே படித்து, அர்த்தமும் சொல்கிறேன்.

போன ஜனவரியில் மகள் பிறந்தபோது அம்மாவால் வர முடியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இந்த வடகோடியில் ஒரு குளிர்காலத்துக்கு 5 மீட்டருக்கு மேல் பனி கொட்டும், நாங்கள் வந்து நாலே மாதம். மூன்று வாரம் எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டுச் சூடான கண்ணாடிப் பாத்திரத்தோடு வாசலில் நிற்பீர்கள்: மாக் அண்ட் சீஸ், சிக்கன் நூடுல் கேசரோல், ஆப்பிள் கிரிஸ்ப். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்ததும் எதிர்வீட்டுப் பாட்டி உருளைக்கிழங்கு, வெங்காயம், ருட்டபேகா என்கிற கிழங்கு மட்டும் மாவுக்குள் வைத்து மடித்து, எங்களுக்கென்று தனியாகப் பாஸ்டி சுட்டுக் கொடுத்தார். செப்புச் சுரங்க வேலைக்கு வந்த இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்த பண்டமாம் அது, பின்னால் வந்த ஃபின்லாந்துக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாடாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் மாஸ்கிங் டேப்பில் வீட்டுக்காரர் பெயர். எங்கள் ஊரில் சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். அதனால் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எலுமிச்சை சாதம், பருப்புப் பாயசம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தேன். பாயசத்தில் ஒரு வாய் வைத்ததுமே பாட்டி "நிசு!" என்றார்.

நிசு என்றால் ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி. ஃபின்லாந்தில் இப்போது புல்லா என்கிறார்கள். நிசு என்பது கோதுமைக்கு அங்கே இருந்த பழைய சொல், கப்பலேறி வந்தவர்களோடு வந்து இங்கேயே தங்கிவிட்டது. நான் பிறந்ததோ போடிநாயக்கனூர், ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். அந்தச் சனிக்கிழமை பாட்டி என்னைத் தன் சமையலறைக்கே கூட்டிப்போனார். தோலை நீக்கி விதையை மட்டும் இடிக்க வேண்டும், நைசாக வேண்டாம், பல்லில் கொஞ்சம் அகப்படணும் என்றார். பிறகு மாவை மூன்று கயிறாக உருட்டி என் பக்கம் தள்ளினார். மூணுகால் பின்னல், அம்மா எனக்குத் தலைவாரிப் போட்ட அதே பின்னல்தான், கை தானாகப் பின்னியது. வெந்து வந்ததும் சர்க்கரை கரைத்த காபியைச் சூட்டோடு மேலே தடவினார், அந்த வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்த பன்னுகாக்கு என்கிற ஃபின்லாந்து பேன்கேக்தான் இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பலகாரம். முட்டையும் பாலும் வெண்ணெயும் சேர்ந்து ஓவனில் உப்பி எழுந்து, வெளியே எடுத்ததும் அடங்குவதைப் பார்க்க மகள் கைதட்டுகிறாள். கேட்காமலே எங்கள் வாசல் பனியை வாரித் தள்ளிய மூன்றாவது வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

டேப் உரிந்துபோன நீல மூடிப் பாத்திரம் ஒன்று இன்னும் என்னிடமே இருக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள், போடியிலிருந்து புது ஏலக்காய் வந்திருக்கிறது, நிரப்பி எடுத்துவருகிறேன்.