டிரை கிளீனிங்கிற்குக் கொடுத்த பட்டுச் சேலையில் துருக்கறையும் பிளீச் சேதமும்: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
இணைத்துள்ள ரசீதில் பெயர் கண்ட வாடிக்கையாளர்,
வடசேரி, நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் நாகர்கோவில் கிளையில் கடந்த ஜூன் மாதம் ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலையை டிரை கிளீனிங்கிற்கும், இரண்டு கசவு நேரியல்களை (ஜரிகைக் கரை போட்ட மேல்துண்டுகளை) கஞ்சி போட்டுத் தேய்ப்பதற்கும் கொடுத்திருந்தேன். நேரியல்களில் கஞ்சி சற்றுக் கூடிவிட்டது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சேலை திரும்பி வந்த நிலையை அப்படி விட முடியாது.

எண் சீட்டைப் பொருத்துவதற்காகத் தங்கள் ஊழியர்கள் முந்தானைக் கரையில் குத்திய ஸ்டேப்ளர் பின் எடுக்கப்படாமலே இருந்தது. அதைக் கழற்றியபோது ஜரிகைக்கு நடுவே இரண்டு துளைகளும் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருவும் தெரிந்தன. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, அதே போன்ற இரண்டு துளைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்திற்குப் பட்டு மஞ்சளாகி, தொட்டால் மொரமொரப்பாகி, நகம் பட்டாலே இழை உதிர்கிறது. கிளையில் கேட்டதற்கு, "கறை போக மருந்து போட்டிருப்பார்கள்" என்றார் அங்கிருந்தவர்.

அந்த மருந்து குளோரின் பிளீச்சாகத்தான் இருக்க வேண்டும். பட்டு என்பது கம்பளியைப் போலப் புரத இழை. குளோரின் பிளீச் பட்டால் மஞ்சளாகி அரித்துப்போகும். பருத்தி தாங்குவதைப் பட்டு தாங்காது என்பதைச் சலவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலும், துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் போன்றவற்றைத்தான் அளவறிந்து பயன்படுத்துவார்கள். குளோரின் பிளீச் துருவைப் போக்காது, இன்னும் அழுத்தமாகப் பதியவே வைக்கும். ஆகவே கறையை உண்டாக்கியதும் தங்கள் பின், அதை எடுக்கப் போய்ப் பட்டை அழித்ததும் தங்கள் மருந்து.

தொலைபேசியில் பேசிய தங்கள் அலுவலர், சேலை பழையது என்பதால் பட்டு தானாகவே இற்றிருக்கும் என்றார். இற்றுப்போவதென்றால் முதலில் மடிப்புகளில்தான் இற்றிருக்கும். மடிப்பு ஓரங்களில் ஓர் இழைகூட இற்றுப்போகவில்லை. பின் குத்திய இடத்தில் மட்டும் வயது வந்துவிடுமா? உடுத்திக் கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஒரே மடிப்பில் கிடந்து ஜரிகை முறியாதபடி அவ்வப்போது மாற்றி மடித்து, அந்துருண்டையை ஜரிகையில் படாமல் தனித் துணியில் முடிந்து வைத்துத்தான் இந்தச் சேலையைப் பாதுகாத்து வந்தேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற இம்மாவட்டத்தில், பீரோவுக்குள் இருக்கும் துணிகூட ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

அப்படியிருக்க, முற்றும் உலராத சேலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். உறையைப் பிரித்தபோது உட்புறம் நீர் கோத்திருந்தது; புழுங்கல் வாடையும் அடித்தது. பின் துருப்பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சேதத்திற்குச் சலவைக் கட்டணத்தைப் போல் 5 மடங்குக்கு மேல் தர இயலாது என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கிளையில் காட்டினார்கள். துணியைச் சலவைக்கு வாங்கிக்கொண்டபோது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கையொப்பமும் இடவில்லை. சேவைக் குறைபாட்டிற்கான பொறுப்பை இத்தகைய ஒருதலை நிபந்தனையால் தட்டிக்கழிப்பதை நான் ஏற்கவில்லை.

எனவே, சேலையின் தற்போதைய மதிப்பிற்குரிய இழப்பீட்டையும், அதற்கு நான் செலுத்திய கட்டணத்தையும் தர வேண்டுகிறேன். தங்கள் கிளைகளில் ஸ்டேப்ளர் பின்னுக்குப் பதிலாக நூலால் கட்டும் துணிச் சீட்டைப் பயன்படுத்தவும், கறை எடுக்க மருந்து போடுமுன் வாடிக்கையாளரிடம் கேட்கவும் ஆணையிடுங்கள். சேலையைத் துவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். தங்கள் தரப்பினர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் இம்மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர்வேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: ரசீது நகல், சேதமடைந்த பகுதியின் புகைப்படங்கள், கழற்றிய பின்னின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்