கேரவன் கட்டுரையில் டிவி பற்றிய அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கேரவன் பயணம் பற்றிய கட்டுரை படித்தேன். படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிய கட்டுரையாளர், டிவி விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வீட்டு டிடிஎச் பெட்டியையே கொண்டுபோய், கூரையில் ஒரு தானியங்கி ஆன்டெனா வைத்தால் போதும்." உங்கள் பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பணம் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, மனைவியும் வயதான மாமனாரும் நானுமாகப் பயணம் போகிறோம். ஆகவே அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தானியங்கி ஆன்டெனா, அமெரிக்காவில் வண்டிக் கூரைமேல் குமிழ் மாதிரி இருந்து, தானாகவே சாட்டிலைட்டைத் தேடிப்பிடிப்பது. புதுச்சேரி நண்பர் ஒருவர் டெக்சாஸிலிருந்து திரும்பும்போது ஒன்றைக் கொண்டுவந்தார். அது தேடுகிற சாட்டிலைட்டுகள் மேற்குத் தீர்க்கரேகை 101, 110, 119 டிகிரிகளில், பூமியின் மறுபக்கம் நிற்கின்றன. அவை அனுப்பும் அலை சுழன்று வரும். நம் டிடிஎச் அலை கிடையாகவோ செங்குத்தாகவோ வரும். டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி. முதற்கொண்டு வேறு. ஆகவே அந்தக் குமிழ் இங்கே உதவாது. இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே எல்லாக் குமிழும் எல்லாக் கம்பெனிக்கும் ஒத்துவராது. அங்குள்ள டைரக்டிவி கம்பெனியின் எச்டி சேனல்கள் 'கா பேண்ட்' என்ற வேறு அலைவரிசையில் வருவதால் பெரும்பாலான குமிழ்களில் எடுக்காது. வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கம்பெனியை முடிவு செய்துவிட்டுத்தான் ஆன்டெனா வாங்குகிறார்கள். கட்டுரையாளர் இதையாவது விசாரித்திருக்கலாம்.

சரி, உள்ளூர் டிஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, டாடா பிளேயின் சாட்டிலைட் கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில், டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரியில், ஏர்டெல் 108.2 டிகிரியில். கடலூரில் நின்று பார்த்தால் முதலாவது தெற்கிலிருந்து சற்றே கிழக்கே, இரண்டாவது தென்கிழக்கே, மூன்றாவது ஏறக்குறைய கிழக்கே. டிஷ் ஓரிரு டிகிரி விலகினாலே படம் போய்விடும். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஓடுகிற வண்டியில் சாதாரண டிஷ் வேலையே செய்யாது. இதில் எதுவும் கட்டுரையில் இல்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நாங்கள் வால்பாறைப் பக்கம் இருந்தோம். போனில் சிக்னல் இல்லை. புயல் எங்கே கரையேறுகிறது, தென்பெண்ணையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, மஞ்சக்குப்பத்தில் வீட்டு நிலைமை என்ன என்று எதுவும் தெரியவில்லை. வண்டி நிறுத்திய இடத்துக் காவலாளி நல்ல மனிதர், தன் வீட்டு டிஷ் கேபிளைக் கழற்றி எங்கள் பெட்டிக்குக் கொடுத்தார். 'சிக்னல் இல்லை' என்று வந்தது. அவர் டிஷ் ஒரு கம்பெனி, எங்கள் பெட்டி இன்னொரு கம்பெனி. கடைசியில் நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துதான் செய்தி பார்த்தோம். மாமனாரால் அந்தப் படியேற முடியவில்லை. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று வண்டிக்குள் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் ஒத்துவர வேண்டும் என்பது நான் இன்று கண்டுபிடித்த ஆசை இல்லை. 2001 டிடிஎச் உரிம விதிகளிலேயே அது இருக்கிறது. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் அதையே பரிந்துரைத்தது. செல்போன் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. டிவி பெட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? கம்பெனி மாறியபோதெல்லாம் மிஞ்சிய பெட்டிகள் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கெட்டுப்போனது ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் டிஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு போனது. தெருவில் கரண்ட் இல்லாத நாட்களுக்கும் ரீசார்ஜ் பணம் கழிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, புது டிஷ்ஷுக்கும் ஆள் வருவதற்கும் சேர்த்துக் கட்டணம் சொன்னார்கள். அப்போது உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. அப்புறம் பாகூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி டிஷ்ஷைத் திருப்பித்தர ஆள் கேட்டபோது, முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பம், முகவரிச் சான்று, தனிக் கட்டணம் என்றார்கள். நாளைக்கு வேறு ஊரில் நிற்கப்போகும் வண்டிக்கு என்ன சான்று கொடுப்பது? அதையும் எழுதினேன். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. பல ஆண்டு வாசகன் என்ற உரிமையில்தான் சொல்கிறேன், மனது கஷ்டமாக இருந்தது.

சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கடலூர், புதுச்சேரி வாசகர்களைப் பற்றி நினைப்பதே புயல் வரும்போதுதான். அந்தச் சமயத்தில் செய்தி எங்களுக்கு எப்படி வந்து சேரும் என்பதையும் அவர்கள் நினைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே எந்தக் கம்பெனி எந்த டிகிரி, நம் மாவட்டத்திலிருந்து எந்தத் திசை, எந்த எல்.என்.பி. என்று ஒரு சின்ன அட்டவணை. கால் பத்தி இடம் போதும். வெட்டி வண்டிக்குள் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்