கோணேசபுரிக்கு வேண்டியதைக் கோணேசபுரியே வாங்கட்டும்

திருகோணமலை மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம் தனக்கு வேண்டிய பொருட்களைத் தானே வாங்க அதிகாரம் கேட்டு இதை எழுதுகிறேன். நான் அரச கல்வி நிறுவனமொன்றில் களஞ்சியக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நிறுவனம் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை.

2022 மார்ச் தொடக்கத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்க விலைமனு எடுத்தோம். மதிப்பீடு முடிந்தது. கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போனது, விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது, மறுபடியும் போனது. அதற்குள் விலைமனுவின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது. இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பழைய விலைக்குத் தர எந்தக் கொம்பனியும் முன்வரவில்லை. கையிலிருந்த காசுக்குப் பாதிக் கருவிகள்தான் வந்தன. இதில் யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, எல்லாரும் சுற்றறிக்கைப்படியே நடந்தார்கள். ஆனால் நான்கைந்து பிள்ளைகள் ஒரே கருவியைச் சுற்றி நின்று, ஆளுக்குக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு விலகியதை நான் என் கண்ணால் கண்டேன். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கோணேசபுரியை நினைத்துக் கவலைப்படுகிறேன். நமது திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. தலைமை வந்தாறுமூலையில், நூறு கிலோமீற்றருக்கு அப்பால். கிண்ணியாத் துறையில் தண்ணீரைக் கடக்கப் பாதை எனும் மிதவைக்குக் காத்து நின்ற காலம் போய் இன்று பாலங்கள் வந்துவிட்டன, சரி. ஆனால் ஒரு கோப்புக்குத் தூரம் என்பது எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பதுதான். அங்கே சித்த மருத்துவம் படிக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் கிடைக்கிற மூலிகை, கோப்பு திரும்பி வரும்வரை காத்திருக்காது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் நிதி அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையிடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பேரவையில் வளாக முதல்வருக்கும் பீடாதிபதிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் பெரும்பான்மையினர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்கள். வெளியாட்கள் இருப்பது நல்லதே. அவர்களில் இந்த மாவட்டத்தில் வாழ்கிற, இந்த வளாகத்துக்குள் ஒரு தடவையாவது கால் வைத்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும் என்கிறேன்.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. நமக்கும் அது வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் வாங்கும் அதிகாரத்துக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

பெறுகைக்கென்று, அதாவது அரச நிறுவனங்கள் பொருள் வாங்குவதற்கென்று, தனிச் சட்டம் வேண்டும் என்று 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை பற்றிய அறிக்கை பரிந்துரைத்தது உங்களுக்குத் தெரியும். இத்தனை காலமும் வழிகாட்டிகளை வைத்தே ஓட்டினோம். 2006இல் ஒன்று, அப்புறம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதியது. மேற்பார்வை செய்ய வேண்டிய தேசியப் பெறுகை ஆணைக்குழுவோ அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தில் வந்து, 20இல் நீங்கி, 21இல் திரும்பியது. ஆட்சி மாறும்போதெல்லாம் இப்படி ஆடுகிற ஏற்பாட்டை நம்பி எந்த அலுவலரும் துணிந்து கையெழுத்து வைக்கமாட்டார். பெறுகைச் சட்டம் பற்றிச் சபையில் பேசும்போதெல்லாம், வளாகங்களுக்கென்று ஒரு பிரிவு கேளுங்கள். ஒரு வரம்புவரை வளாகத்தின் பெறுகைக் குழுவே முடிவெடுக்கலாம், அதற்குமேல் போகிற கோப்புக்கு இத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று அதில் எழுதப்பட வேண்டும்.

அதிகாரம் கீழே வந்தால் தெரிந்த கடைக்காரருக்கே போகும் என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வரம்புக்குள் நிற்க ஒரே பொருளை மூன்று துண்டாகப் பிரித்து வாங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து, விலைமனு தந்தவர்கள் யார், யாருக்குக் கொடுத்தோம், என்ன விலைக்கு என்பதை உடனுக்குடன் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம்தான். ஆனால் கேட்காமலே தெரியவேண்டிய விஷயம் இது. கூடவே, கோப்பு ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் இருந்தது என்பதையும் போடச் சொல்லுங்கள். கணக்காய்விலும், அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் (COPE) குழுவிலும் செலவழித்த காசைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வாங்காமல் விட்ட கருவியால் எந்த வகுப்பு நடக்கவில்லை என்றும் யாராவது கேட்க வேண்டும்.

நீங்கள் நால்வரும் கட்சியால் வேறாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகக் கோணேசபுரிக்கு ஒன்றாக வாருங்கள். விரிவுரையாளர்களோடு மட்டும் பேசிவிட்டுப் போய்விடாமல் களஞ்சியத்துக்கும் போய், அங்கே இருப்பவரிடம் கோரிக்கைப் பத்திரக் கட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்,
திருகோணமலை