படங்களை அழித்துவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். "ஒரு போன் போட்டா போதும், உன்னை நாளைக்கே ஃப்ளைட் ஏத்திருவாங்கன்னு சொல்றாருக்கா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தாய். இதே வார்த்தைகளை இதே அமெரிக்காவில் நானும் கேட்டிருக்கிறேன். அப்போது என் கையிலும் உன்னுடையதைப் போல இரண்டு வருட கிரீன் கார்டுதான் இருந்தது. உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரும் ஊரும் எங்கேயும் வராது.

முதலில் உன் வீட்டுக்காரரின் அந்த மிரட்டல். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாதுடா. உனக்காக மனு போட்டவர் அவர்தான், ஆனால் கார்டு கொடுத்தது அரசாங்கம். கார்டு வந்த பிறகு "என் மனுவை வாபஸ் வாங்குகிறேன்" என்று அவர் எழுதிப் போட்டாலும் உன் கார்டு போய்விடாது. பொய்க் கல்யாணம் என்று புகார் கொடுக்கலாம், கொடுத்தால் விசாரிப்பார்கள். ஆனால் உன்னை வெளியேற்றுவதென்றால் குடியேற்ற நீதிபதி முன்னால் வழக்கு நடக்க வேண்டும். அங்கே உன் தரப்பைச் சொல்ல உனக்கு இடம் உண்டு.

மனைவியின் குடியுரிமை புருஷனின் பின்னாலேயே போன காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. கலிஃபோர்னியாவில் பிறந்த எதெல் மெக்கென்சி, ஸ்காட்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக, 1907-ஆம் வருடச் சட்டப்படி தன் அமெரிக்கக் குடியுரிமையையே இழந்தார். ஓட்டுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 1915-இல் தோற்றார். 1922-இல்தான் அந்தச் சட்டத்தை மாற்றத் தொடங்கினார்கள். உன் வீட்டுக்காரர் இன்னும் அந்தக் காலத்திலேயே நின்று பேசுகிறார்.

இனி உன் கார்டு. அதில் வகை என்ற இடத்தில் 'சி.ஆர்.' (CR), அதாவது நிபந்தனையோடு தங்குபவர், என்று தொடங்கியிருக்கிறதா பார். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியும் முன்பே நிரந்தர வாசியானவர்களுக்கு 1986-ஆம் வருடச் சட்டம் வைத்த நிபந்தனை அது. அந்த நிபந்தனையை நீக்கக் கேட்டு, கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 என்ற படிவத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்பதுதானே உன் பயம்? போட வேண்டாம். அதே படிவத்தில், சேர்ந்து கையெழுத்திடுவதிலிருந்து விலக்கு கேட்டு நீ தனியாகவே மனு செய்யலாம். விலக்கு மனுவுக்கு அந்த 90 நாள் கணக்கும் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பின்னால் கேட்டு நோட்டீஸ் வரும். ஆனால் எதையுமே கொடுக்காமல் கார்டின் தேதியைத் தாண்ட மட்டும் விட்டுவிடாதே.

அந்த மனுவில் உன்னிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? ஏன் பிரிந்தாய் என்பது அவர்களுக்கு இரண்டாவதுதான். நல்ல எண்ணத்தோடு கட்டிக்கொண்டாயா, சேர்ந்து வாழ்ந்தீர்களா, அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். என்னை ரொம்ப வதைத்தது அதுதான். மறக்கத் துடித்த நாட்களையெல்லாம் திரும்ப எடுத்து, தேதி போட்டு, பக்க எண் போட்டு அடுக்க வேண்டியிருந்தது. ஆனால் கல்யாணப் படங்களைக் கோபத்தில் ஒரே ராத்திரியில் போனிலிருந்து அழித்துவிட்டிருந்தேன். மிஞ்சியது என் சித்தி வைத்திருந்த நாலே நாலு படம்.

பிறகு ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து உட்கார்ந்தேன். இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வரிக் கணக்கு எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு மருத்துவமனைத் தாள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் அவர் கையாலேயே தன் பெயரை எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன். அழுது முடித்து அதையும் நகல் எடுத்து வைத்தேன். அந்தக் கல்யாணத்தில் நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்தத் தாளும் சாட்சி. அதனால்தான் சொல்கிறேன், ஒரு படத்தையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதே. பார்க்க முடியவில்லையென்றால் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, நான் வைத்திருக்கிறேன்.

வீட்டை விட்டு வெளியேறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் புது விலாசம் கொடுத்துவிடு. ஏ.ஆர்-11 என்று படிவம், இணையத்திலேயே போடலாம். தபால் நிலையத்தில் சொன்னால் மட்டும் போதாது. என்னுடைய நேர்காணல் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், அதைத் திரும்பப் பெற நான் பட்ட பாடு போதும்.

இன்னொன்று, நீ சொல்லாததை நானாகவே கேட்கிறேன். அடிக்கிறாரா? பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாரா? கொடுமை என்றால் உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுமைக்கான விலக்குக்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதும் இல்லை. அப்படி மனு கொடுத்தால் அந்த விவரத்தை அதிகாரிகள் அவரிடம் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 1-800-799-7233 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணில் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அது உன் கைக்கு வராமலே போனாலும் காவல் துறையில் புகார் கொடுத்துத் துணைத் தூதரகத்தில் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

குடியுரிமை கனவாகிப் போய்விட்டது என்றாயே, அது போகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. அமெரிக்கக் குடிமகனோடு சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம், பிரிந்தவர்களுக்கு ஐந்து. இந்த இரண்டு வருடமும் அந்தக் கணக்கில் சேரும்.

இதை வாசிக்கும் வேறு யாராவது, வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தால், இதையெல்லாம் அப்படியே உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விசா கல்யாணத்தோடு கட்டியது, விவாகரத்தோடு முடிந்துவிடும். தீர்ப்பு வரும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.

நீ இப்போது எழுந்து கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடு. அதிலுள்ள ஒன்பது இலக்க எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, அவர் கைபடாத இடத்தில் வை. நாளைக் காலை வக்கீலிடம் பேசும்போது அதைத்தான் முதலில் கேட்பார். பேசிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன் அக்கா