ஜேம்ஸ் பாண்ட் என்னும் இருவர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகும் உங்கள் ஊர் நூலகத்தின் பட்டியலைச் சீர்செய்து தர முன்வந்திருக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். கதையில் மட்டுமே வாழும் ஒருவருக்குத் தனியே பொருள் தலைப்பு, அதாவது ஒரு நூல் யாரை அல்லது எதைப் பற்றியது என்று பட்டியலில் காட்டும் தலைப்பு, எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பாண்ட் என்ற பறவையியலாளர், மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். ஜமைக்காவில் வீடு கட்டியிருந்த இயன் ஃபிளெமிங், அந்த ஆசிரியரின் பெயரையே எடுத்துத் தம் உளவாளிக்குச் சூட்டினார். உளவாளியின் முதல் நாவல் 1953இல் வந்தது. ஆகவே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மரபில் ஒருவர் 'பாண்ட், ஜேம்ஸ், 1900–1989'. மற்றவர் 'பாண்ட், ஜேம்ஸ் (கற்பனைப் பாத்திரம்)'. கணினிப் பட்டியலுக்கான மார்க் என்னும் பதிவு வடிவத்தில் பறவையியலாளரைப் பற்றிய நூலுக்கு 600 என்ற ஆட்பெயர்ப் புலமும், உளவாளிக்கு 650 என்ற பொருட்புலமும் அமைகின்றன. உளவாளி வரும் நாவலானால் தலைப்பின் பின்னே 'புனைகதை' என்ற உட்பிரிவு சேரும். அவரைப் பற்றிய ஆய்வு நூலானால் சேராது. கதை தேடி வருபவரையும் ஆய்வு தேடி வருபவரையும் அந்த ஒரு சொல் தனித்தனியே வழிநடத்துவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ராபின் ஹூட்டைப் போல எந்த ஓர் ஆசிரியருக்கும் உரிமையாகாமல் மக்கள் வழக்கில் வளர்ந்தவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் 'மரபுக்கதைப் பாத்திரம்' என்று எழுதுவார்கள். ஹாம்லெட்டும் இந்த வகையில்தான் வருகிறார். ஷேக்ஸ்பியருக்கு முன்பே டென்மார்க்கில் அவர் கதை வழங்கியது.

பாத்திரமே நூலாசிரியராக அட்டையில் நிற்கும்போதுதான் உண்மையான சிக்கல். சிறுவர்கள் விரும்பிக் கேட்கும் ஜெரோனிமோ ஸ்டில்டன் ஓர் எலி. அதைப் படைத்தவர் இத்தாலிய எழுத்தாளர் எலிசபெத்தா டாமி. 1978ஆம் ஆண்டின் ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகள் இத்தகைய நூல்களை உண்மையான ஆசிரியரின் பெயரிலேயே வைக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாகக் காங்கிரஸ் நூலகம் 2013இல் நடைமுறைப்படுத்திய ஆர்.டி.ஏ. என்னும் பட்டியல் விதிகளோ கற்பனை மனிதரையும் விலங்கையும் படைப்பாளராக ஏற்றன. பின்னர் 2017இல் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு பட்டியல் விதிகளுக்கு அடிப்படையாக வெளியிட்ட கருத்துரு மாதிரி, நூலை ஆக்க மனிதரால்தான் முடியும் என்றும், அட்டையில் உள்ள பெயர் அந்த மனிதர் பயன்படுத்திய பெயரே என்றும் வரையறுத்தது. இது சரியென்றே எனக்குப் படுகிறது. ஆயினும் எலியின் பெயரைச் சொல்லிக் கேட்கும் குழந்தை வெறுங்கையோடு திரும்பாதபடி, அந்தப் பெயரிலும் தேடல் வழி திறந்திருக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் குந்தவையும் வந்தியத்தேவனும் தஞ்சைக் கல்வெட்டில் பெயர் உள்ளவர்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைத்தவர்கள். முன்னவர்களை ஆட்பெயராக எழுதிப் 'புனைகதை' என்று சேருங்கள். பின்னவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் 'கற்பனைப் பாத்திரம்' என்ற குறிப்பு தேவை. நாவலைப் படித்துவிட்டு நந்தினியின் வரலாற்றைத் தேடி வருபவர்கள் இருப்பார்கள். பட்டியல் அவர்களுக்கு உண்மையைச் சொல்லட்டும்.

எல்லாப் பாத்திரங்களுக்கும் தலைப்பு வேண்டியதில்லை. பல நூல்களில் தொடர்ந்து வருபவர்களான சுஜாதாவின் கணேஷ், வசந்த், தமிழ்வாணனின் சங்கர்லால் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். கணேஷ் என்ற பெயரில் வேறு பாத்திரங்களும் இருக்கக்கூடும் என்பதால், அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். தேவனின் சாம்புவுக்குச் 'சாம்பு' என்றே தலைப்பிட்டாலும், வாசகர் 'துப்பறியும் சாம்பு' என்றுதான் தேடுவார். அங்கிருந்து 'சாம்பு' என்ற தலைப்புக்கு அனுப்பும் ஒரு 'காண்க' குறிப்பு அவசியம். முதல் சில பதிவுகளை எழுதியதும் அனுப்பி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்